கோப்பிக்கு வெங்காயம் ஆகாது

நாய்க்குட்டிக்கு வெங்காயம் ஆகாது என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. நாம் தின்பதைத்தானே அதுவும் தின்கிறது, ஒரு வடையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறார்கள். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுத்துவிடும், துரைசாமி அண்ணே. வேகவைத்தாலும் கெடுக்கும், எண்ணெயில் பொரித்தாலும் கெடுக்கும். இதை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

பாப்பாத்தி அக்கா உங்களை என்னிடம் அனுப்பிவைத்தது நியாயம்தான். "காரணத்த அந்தத் தம்பி வாயாலயே கேட்டுக்குங்க" என்றாராமே. ஆங் மோ கியோவிலிருந்து ரயிலேறி புக்கிட் பாத்தோக் வரைக்கும் இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணீரை ஆறுவதற்குள் குடியுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. மறைக்கும்படி பெரிதாக எதுவும் செய்துவிடவும் இல்லை.

என் வேலையிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி. தூரத்தில் என் தலையைப் பார்த்தாலே ஆட்கள் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். சாப்பிடும்போதும் ஏதாவது குறை சொல்வேன் என்ற பயம். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஓர் அபாயத்தைக் கண்டால் முதலில் அதை அந்த இடத்திலிருந்தே அகற்றிவிட வேண்டும். அது முடியாவிட்டால் வேலி போட வேண்டும். 'பார்த்து நடங்கப்பா' என்று எச்சரிப்பது கடைசி வழி. ஏனென்றால் எச்சரித்தால் யாரும் கேட்பதில்லை. என் நாய்க்குட்டி கோப்பியும் கேட்கவில்லை.

கோப்பியை எங்கள் பட்டறைக் கேண்டீனுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தேன். காப்பிப்பொடி நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது தொங்கும். உரிமம், ஊசி எல்லாம் முறைப்படி செய்துதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதனுக்கு, வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது ஒரு ஜீவன் வாலாட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனைவியை இழந்த பிறகு நீங்களும் தனியாகத்தானே இருக்கிறீர்கள்.

ஆனால் அவன் வாயில் போகாத பொருள் கிடையாது. எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி ஒரு நடை போய்வருவதற்குள் கோழி எலும்பு, சிகரெட் துண்டு, டிஷ்யூ தாள், யாரோ தொலைத்த கொண்டை ஊசி என்று ஒரு மளிகைக் கடையையே விழுங்கிவிடுவான். சீனர்களின் பேய் மாதத்தில் புல்தரையில் படையலாக வைத்த ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு தின்றான். ஒருநாள் இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியை விழுங்கிவிட்டு, முதுகை வளைத்துக்கொண்டு நின்றவனை டாக்சியில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று நான் அழுதேன். டாக்சி ஓட்டிய சீனப் பெரியவர் தன் துண்டைக் கொடுத்தார்.

கால்நடை மருத்துவர் சுஷ்மிதா சின்னப் பெண். குச்சியை எடுத்து ஒரு தட்டில் வைத்துக் காட்டிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அங்கிள், பப்பி வாய்ல போட்டதுக்கு அப்புறம் பிடுங்காதீங்க. பிடுங்கினா இன்னும் வேகமா முழுங்கும். அது பாக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும். நீங்க முன்னால போய் கிளியர் பண்ணிடணும். சிம்பிள் லா."

எலும்பு, சாக்லேட், உலர்ந்த திராட்சை, வெங்காயம் என்று ஆகாதவற்றையும் அவர்தான் சொன்னார். நான் செய்ததெல்லாம் அந்த மருத்துவர் சொன்னதைத்தான். அவர்மேல் பழி போடுவதாக நினைக்கக் கூடாது. நல்ல பெண்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கோப்பியை அழைத்துக்கொண்டு புளோக்கின் பின்பக்கம் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமெண்டுத் திட்டு இருக்கிறதல்லவா, அதன்மேல் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் சோறு, சாம்பார், ஒரு பொரியல், இரண்டு மெதுவடை. சுற்றிலும் ஆள் இல்லை.

அது ஏழாவது மாடி பாப்பாத்தி அக்கா காக்கைக்கு வைத்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் கணவர் கோவிந்தராசு போனதிலிருந்து சனிக்கிழமையும் அமாவாசையும் விரதமிருந்து, அவருக்கென்று சமைத்து வைத்துவிட்டுப் போவார். பறவைக்குச் சோறு வைத்தால் இந்த ஊரில் அபராதம். அதனால் பக்கத்தில் நிற்க மாட்டார். வைப்பார், கையெடுத்துக் கும்பிடுவார், அவசரமாக லிஃப்டுக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து பார்ப்பார். இலை காலியாக இருந்தால்தான் அவர் வாயில் சோறு படும்.

கோப்பி மூக்கைத் தூக்கினான். நான் முந்திக்கொண்டேன்.

வடையில் வெங்காயம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிட்டுப் பார்க்க வேண்டும். பிட்டும் சந்தேகம் தீராவிட்டால் வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் எரிவாயு கசிகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்போம். வடைக்கு அப்படி ஒரு கருவி இன்னும் வரவில்லை.

அந்த வடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அண்ணே. அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சைவக் கடை நடத்தியவர், இப்போது கோயில் சமையற்கட்டில் கரண்டி பிடிக்கிறவர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே முறுகல், உள்ளே பஞ்சு. மிளகு ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டது. நான் வருஷக்கணக்காகக் காப்பிக்கடைச் சோற்றில் காலம் தள்ளுகிறவன். அதெல்லாம் யாருக்கென்றும் இல்லாமல் ஆக்கிவைத்த சோறு. இது ஒருவருக்காக ஆசையாகச் சமைத்தது. அந்த ஒருவர் நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். தொண்டையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அன்று முடிவாக எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சோதிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அமாவாசை வந்தது.

அக்காவிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புருஷனுக்கு வைத்த படையலைப் பார்த்து 'இதை நாய் தின்றால் ஆகாது' என்று எந்த வாயால் சொல்வது? மனம் நொந்துபோவார். ஒருவரை நோகடிக்காமல் அபாயத்தை அகற்ற வழி இருக்கும்போது அதைத்தான் செய்ய வேண்டும்.

கோப்பி கெட்டிக்காரன். கையில் கோழித்துண்டை மறைத்து வைத்துக்கொண்டு, 'விடு' என்று சொல்லிப் பழக்கினேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டான். இப்போது நடுவழியில் முழுக் கோழிக்கால் கிடந்தாலும், நான் 'விடு' என்றால் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பான். வாழையிலையை அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியானால் நான் ஏன் நிறுத்தவில்லை என்பது நியாயமான கேள்வி. பாதுகாப்பில் ஒரே ஒரு வேலியை நம்பக் கூடாது என்பதுதான் பதில்.

காக்கைகள்தான் தொல்லை. அவை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கொத்தி, இழுத்து, திட்டைச் சுற்றிச் சிதறிவிடும். சிதறினால் கோப்பிக்கு ஆபத்து. அதனால் ஒரு குடையைக் கையோடு கொண்டுபோகத் தொடங்கினேன். மைனாக்களுக்கும் அது பயன்பட்டது. கோப்பிக்குக் காக்கையைக் கண்டால் குரைக்கும்படி சொல்லிக்கொடுத்தேன். அதை அவன் ஒரே நாளில் கற்றுக்கொண்டான்.

ஒரு தவறு செய்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். முதல்நாள் சாப்பிட்டு முடித்ததும், என்னை அறியாமல் இலையை என் பக்கமாக மடித்துவிட்டேன். சாப்பாடு திருப்தி என்றால் நம்மவர் கை தானாகச் செய்கிற வேலை அது. திட்டையும் தாளால் துடைத்துவிட்டுப் போனேன்.

அதற்கடுத்த வாரம் லிஃப்டில் அக்காவைப் பார்த்தேன். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"தம்பி, ஒன்னு சொன்னா சிரிக்க மாட்டியே? காக்கா எலய மடிக்குமா?"

"பாத்ததில்லையேக்கா" என்றேன். அது பொய் இல்லை.

"அவரு அப்படித்தான். எங்க சாப்பிட்டாலும் எலய மடிச்சிட்டு, ஒக்காந்த எடத்தத் தொடச்சிட்டுத்தான் எந்திரிப்பாரு. வந்துட்டாரு தம்பி. அவரேதான் வர்றாரு."

அழுதார். சந்தோஷமாகத்தான் அழுதார். நீங்களே சொல்லுங்கள், அப்புறம் இலையை மடிக்காமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை. தொடர்ந்து மடித்தேன்.

பாகற்காய்ப் பொரியல் விஷயமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பாகற்காய் சேராது. அதை மட்டும் ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேன். "இருந்தப்ப பாகக்கான்னா உசிர விடுவாரு, போனப்பறம் பிடிக்காமப் போச்சு போல" என்று அக்கா ஆச்சரியப்பட்டார். அதற்கப்புறம் அவரைக்காய் வைத்தார். வடை இரண்டிலிருந்து நான்காயிற்று. பாயசமும் வந்தது, நான் கேட்காமலேயே.

இந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள், அண்ணே.

சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தையிலிருந்து மல்லிகை வாங்கிக்கொண்டு எங்கள் புளோக்குக்கு ஒருவர் வருகிறார் என்பது லிஃப்டின் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. கோயில் அன்னதானத்தில் நீங்கள் பரிமாற, அக்கா சமைக்க, அப்படிப் பழக்கமாம். எனக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் கிடையாது. பூ வைத்துக்கொண்ட அக்காவின் முகம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு சனிக்கிழமை அக்கா இலையை வைத்துவிட்டு உடனே போகவில்லை. நான் கீழ்த்தளத் தூணுக்குப் பின்னால் கோப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். திட்டைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, புருஷனிடம் பேசுவதுபோலவே பேசினார்.

"அவங்க என்னக் கட்டிக்கிறேன்னு கேக்குறாங்க. நல்லவங்க. வீட்டக் குடுத்துட்டு ஆங் மோ கியோவுக்கே வந்துடச் சொல்றாங்க. எனக்கும் தனியா இருந்து அலுத்துப்போச்சு. ஒங்களுக்குச் சம்மதம்னா எடுத்துக்குங்க. இல்லன்னா வேணாம். நீங்க சொல்றதுதான்."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். அவசரப்பட்டு முடிவெடுக்கும் ஆள் இல்லை நான். அக்கா ஆங் மோ கியோவுக்குப் போனால் இலையும் ஆங் மோ கியோவுக்குப் போகும். அங்கே எத்தனை நாய்க்குட்டிகள் இருக்கும். அங்கே யார் முந்திக்கொண்டு போய்ச் சோதிப்பார்கள்? உங்களுக்கு இதிலெல்லாம் பயிற்சி கிடையாது. அபாயத்தை இடம் மாற்றுவது அபாயத்தை நீக்குவது ஆகாது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆகவே அன்று வடையைத் தொடவில்லை.

அது எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நான் தொடாவிட்டால் மட்டும் போதாது, காக்கைகளும் தொடக் கூடாது. அக்கா லிஃப்டிலிருந்து இறங்கும்வரைக்கும் குடையோடு காவல் நின்றுவிட்டு, பழையபடி தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கோப்பி குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிக்கொண்டான். அக்கா வந்தார், பார்த்தார், இலையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். நான்கு வடை.

அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். கொஞ்சம் கெஞ்சிக் கேட்டார். அதற்கடுத்த வாரம் பால்கோவாவும் சேர்த்து வைத்துக் கேட்டார். நான் அசையவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாவது வாரம் சாயங்காலம் லிஃப்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. "வெயில் அதிகம்க்கா, தண்ணியாவது குடிங்க" என்று சொன்னேன். வெப்பத்தால் மயக்கம் வருவதைப் பற்றிப் பட்டறையில் மாதாமாதம் நான்தான் பேசுகிறேன். அக்கறையில்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த மூன்று வாரமும் நானும் அந்த வடையைச் சாப்பிடவில்லை என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

'அவருக்குச் சம்மதமில்ல' என்று அக்கா உங்களிடம் சொல்லிவிட்டார். லிஃப்டில் மல்லிகை வாசனை நின்றுபோனது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

நீங்கள் சும்மா போயிருக்கலாம். போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்களாமே. "சிங்கப்பூர்க் காக்கா மனுசன் தட்டுலேருந்து கோழியத் தூக்கிட்டுப் போவுது. மூணு வாரமா ஒரு காக்கா கூடவா வடைய வேணாம்னு சொல்லும்?" பேருந்து ஓட்டியவர் நீங்கள். பாதையைக் கவனிக்கும் கண் உங்களுக்கு உண்டு. அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை அக்கா இலையை வைத்தார், கும்பிட்டார், லிஃப்டுப் பக்கம் நடந்தார். லிஃப்டில் ஏறவில்லை.

இரண்டு காக்கைகள் வந்தன. நான் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். கோப்பி குரைத்தான். காக்கைகள் போனதும் அவன் தன் வழக்கப்படி உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். நான் வடையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. திரும்பியபோது அக்கா நின்றுகொண்டிருந்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குடையைப் பார்த்தார், கோப்பியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எலய மடிச்சது நீதானா தம்பி?"

"பழக்கம்க்கா."

"அதுல ஒன்னக் காயவச்சு அவரு படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குடையை மடக்கிக்கொண்டே கோப்பியைப் பற்றிச் சொன்னேன். சாத்தே குச்சி, மருத்துவர் சொன்னது, வெங்காயம், ரத்தம், எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னது போலவே ஒழுங்காகச் சொன்னேன். நான் முடித்ததும் அக்கா திட்டின் மறுபக்கம் உட்கார்ந்தார். இலை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"சரி, ஒக்காரு. இத்தன நாளும் அவருக்குப் பதிலா நீதான் சொல்லிட்டிருந்திருக்க. அவரு சொன்னாருன்னு நம்பி நான் பட்டினி கெடந்தேன். இன்னைக்கும் நீயே சொல்லிடு. நான் துரைசாமியக் கட்டிக்கவா, வேணாமா? கட்டிக்கலாம்னா எடுத்துக்க."

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது, அண்ணே. எடுத்தால் நீங்கள் அவரை அழைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இந்தத் திட்டில் இனி இலை விழாது. எடுக்காவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், ஆனால் எனக்கு வைப்பாரா? அன்றைக்கு வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. சூடு இன்னும் போகவில்லை. மூன்று வாரமாக நான் தொடாத வடை.

எடுத்தேன். உங்கள் இருவரின் நல்வாழ்வை நினைத்துத்தான் எடுத்தேன். இரண்டாவதை எடுத்தது, சம்மதத்தில் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். படையலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. சாப்பிட்டவர் வாயால் அதைக் கேட்க இத்தனை மாதமாக அவருக்கு ஆள் இல்லை.

"சரியா இருக்குக்கா. எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு."

அவரும் ஒரு வடையை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். ரொம்பப் பசி போலிருக்கிறது. மென்றுகொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வெரதச் சமையல்ல வெங்காயம் ஏது? ஒங்க வீட்ல போடுவாங்களா?"

எங்கள் வீட்டிலும் போட மாட்டார்கள். எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து, விரத நாளில் எங்கள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கி நான் பார்த்ததில்லை. முதல் வடையைப் பிட்டபோதே அதில் வெங்காயம் இல்லை என்று தெரியும். நீங்கள் நேராகக் கேட்பதால் சொல்கிறேன், பிட்டுப் பார்க்கும் முன்பே தெரியும். இலையைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அன்று மூக்கைத் தூக்கிய கோப்பியும் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கோவிந்தராசுவின் சோற்றை நான்தான் தின்றேன். அவர் சொன்னதாக அக்கா நம்பிய சம்மதமின்மையையும் நான்தான் சொன்னேன். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

பதிவுத் திருமணம், அப்புறம் கோயில் மண்டபத்தில் சாப்பாடு என்று கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். கல்யாணச் சாப்பாடு என்றால் வெங்காயம் நிச்சயம் இருக்கும். நாய்களை மண்டபத்துக்குள் விட மாட்டார்கள், ஆகவே கோப்பி வீட்டில்தான் இருப்பான். இருந்தாலும் கவனமாக இருப்பது நல்லது. முதல் பந்திக்கே நான் வந்து பார்த்துவிடுகிறேன்.